நஷ்டம் 430 கோடி பவுண்டு. கொடுத்தது 150 கோடி! கவிழ்ந்த பென்ஷன் கம்பெனி: அரசை விடாமல் துரத்திய முதியவர்கள்

லண்டன்:-

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி சேர்த்த காசு. வயசான காலத்தில் பென்ஷனாக திரும்பி வரும் என்று நம்பி இன்சூரன்ஸ் கம்பெனியில் போட்டார்கள். கம்பெனி கவிழ்ந்தது. கண்காணிக்க வேண்டிய அரசு தூங்கியதும் அம்பலமானது. அரசே நஷ்டஈடு தரவேண்டும் என்று இங்கிலாந்தில் முதியவர்கள் போராடினார்கள். அரசு மன்னிப்பு கேட்டது. ஆனால் பெரும்பாலானவர்கள் கைக்கு வந்தது, 100 பவுண்டு நஷ்டத்துக்கு வெறும் 22 பவுண்டு 40 பென்ஸ்தான். (ஒரு பவுண்டு 100 ரூபாய்க்கும் மேல்.)

இதுபற்றிய விவரம் வருமாறு:-

238 வருஷ கம்பெனி

கம்பெனியின் பெயர் எக்விடபிள் லைப். 1762-ம் ஆண்டு லண்டனில் தொடங்கப்பட்டது. இதில் ஷேர் வாங்கிய முதலாளிகள் கிடையாது. பாலிசி எடுத்தவர்களே சொந்தக்காரர்கள். லாபம் வந்தால் போனஸ். நஷ்டம் வந்தால் அதுவும் அவர்கள் தலையில்தான்.

1957 முதல் 1988 வரை ஒரு கேரண்டி பாலிசி விற்றார்கள். ஓய்வு பெறும்போது குறிப்பிட்ட விகிதத்துக்கு குறையாமல் பென்ஷன் உண்டு என்பது வாக்குறுதி. வட்டி அதிகமாக இருந்தவரை பிரச்சினை இல்லை. 1990-களில் வட்டி சரிந்ததும் அந்த வாக்குறுதியே பாரமாகி விட்டது. அதை சமாளிக்க போதிய பணத்தை ஒதுக்கி வைக்காமல், வந்ததை எல்லாம் போனசாக கொடுத்து விட்டார்கள்.

கேரண்டி உள்ளவர்களுக்கு மட்டும் கடைசி போனசை குறைத்து கம்பெனி தப்பிக்க பார்த்தது. விவகாரம் கோர்ட்டுக்கு போனது. 2000-ம் ஆண்டு ஜூலை 20-ந்தேதி, அப்போது நாட்டின் உச்ச கோர்ட்டாக இருந்த பிரபுக்கள் சபை, இது செல்லாது என்று தீர்ப்பு சொன்னது. சுமை சுமார் 150 கோடி பவுண்டு. கம்பெனியை விலைக்கு வாங்க யாரும் முன்வரவில்லை. டிசம்பர் 8-ந்தேதி புது பாலிசி விற்பனை நின்றது. 2001 ஜூலையில் பென்ஷன் பாலிசிகளின் மதிப்பில் 16 சதவீதம் வெட்டு விழுந்தது. கேரண்டியே இல்லாதவர்களுக்கும் அடி.

அரசுக்கு என்ன சம்பந்தம்?

2004-ல் வெளியான பென்ரோஸ் பிரபுவின் விசாரணை அறிக்கை, முக்கிய பழியை கம்பெனி நிர்வாகம் மீதே போட்டது. இதைக் காட்டி நஷ்டஈடு கிடையாது என்று அரசு கையை விரித்தது.

'எக்விடபிள் உறுப்பினர்கள் நடவடிக்கை குழு' விடவில்லை. பாராளுமன்ற குறைதீர்ப்பு அதிகாரி ஆன் ஆபிரகாம் 2008 ஜூலையில் அறிக்கை கொடுத்தார். கண்காணிப்பில் அரசு தரப்பு செய்த 10 தவறுகளை அவர் பட்டியல் போட்டார். அதில் ஒன்று: கம்பெனியின் தலைமை நிர்வாகியாக இருந்தவரையே, பென்ஷன் கணக்கு பார்க்கும் ஆக்சுவரி பதவியிலும் இருக்க அனுமதித்தது. கணக்கு எழுதுபவரே அதை சரி பார்த்தால் என்ன ஆகும்? நஷ்டஈடு கொடுங்கள் என்று அவர் பரிந்துரை செய்தார்.

2009 ஜனவரியில் அரசு மன்னிப்பு கேட்டது. ஆனால் பரிந்துரையை முழுசாக ஏற்கவில்லை. போராட்ட குழு ஐகோர்ட்டுக்கு போனது. அறிக்கையின் சில முடிவுகளை அரசு தள்ளியதற்கு போதிய காரணம் இல்லை என்று அந்த ஆண்டு அக்டோபரில் தீர்ப்பு வந்தது.

ஓட்டு கேட்டு வந்தவர்களிடம் கையெழுத்து

2010-ல் பொதுத்தேர்தல் வந்தது. நியாயமான நஷ்டஈட்டுக்கு குரல் கொடுப்போம் என்று வேட்பாளர்களிடம் உறுதிமொழி கையெழுத்து வாங்கினார்கள். இதற்கு பலன் இருந்தது. முன்னாள் நீதிபதி சர் ஜான் சாட்விக் அறிக்கையின்படி 40 முதல் 50 கோடி பவுண்டுதான் கிடைக்க இருந்தது. அதை ஒதுக்கி வைத்த நிதி மந்திரி ஜார்ஜ் ஆஸ்போர்ன், 2010 அக்டோபரில் 150 கோடி அறிவித்தார். மொத்த நஷ்டம் சுமார் 430 கோடி என்பதை அரசு ஏற்றது. ஆனால் கஜானா நிலைமை சரியில்லை என்று முழுசும் தரவில்லை.

யாருக்கு எவ்வளவு?

* லாபத்தை சார்ந்த பென்ஷன் வாங்கி வந்த சுமார் 37 ஆயிரம் பேருக்கு முழு நஷ்டஈடு, ஆயுள் முழுவதும்.

* மற்றவர்களுக்கு நஷ்டத்தில் 22.4 சதவீதம். 10 பவுண்டுக்கு குறைந்தால் அதுவும் இல்லை.

* 1992 செப்டம்பருக்கு முன்பே அந்த வகை பென்ஷன் வாங்க தொடங்கியவர்களுக்கு முதலில் பூஜ்யம். 2013 பட்ஜெட்டில்தான் தலா 5 ஆயிரம் பவுண்டு அறிவிக்கப்பட்டது.

* குறைந்த வருமானத்துக்கான அரசு உதவித்தொகை பெறும் முதியவர்களுக்கு, 22.4 சதவீதம் 2015-ல் இரட்டிப்பானது.

* பாலிசிதாரர் இறந்திருந்தால் வாரிசுக்கு பணம்.

2011-ல் பட்டுவாடா தொடங்கியது. 2015 டிசம்பர் 31-ந்தேதியுடன் புது மனுக்கள் வாங்குவது முடிந்தது. 9 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களுக்கு பணம் போய் சேர்ந்தது. அதற்குள் காத்திருந்தே கண்மூடியவர்கள் ஏராளம்.

அதன் பிறகும் மீதி தொகை எங்கே என்று போராட்ட குழுவினர் கேட்டனர். இனி நிதி இல்லை என்பதே அரசின் பதில். கம்பெனியில் மிச்சம் இருந்த பாலிசிகள் 2020 ஜனவரி 1-ந்தேதி யூட்மோஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்கு மாறின.