வாந்தி 0, குமட்டல்? கீமோ மருந்துகளின் பின்னால் ஒரு வரலாறு

2017-ல் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்காக கீமோதெரபி நடந்தபோது நான் ஒரு எக்செல் ஷீட் வைத்திருந்தேன். பார்க்கிற வேலை அப்படி, எதையும் அட்டவணையில் போட்டால்தான் நிம்மதி. தேதி, காய்ச்சல், எடை, வாந்தி எத்தனை முறை என்று தினமும் குறித்து வந்தேன். முதல் சுற்றில் வாந்தி 0. இரண்டாவது சுற்றிலும் 0. டாக்டர் "வாந்தி இருந்துச்சா?" என்று கேட்பார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான், "ஒரு தடவைகூட இல்ல டாக்டர்" என்பேன். கொஞ்சம் பெருமையாகவே.

ஆனால் எடை நாலு கிலோ குறைந்திருந்தது. மூன்றாவது சுற்றுக்கு முன்னால் பயிற்சியில் இருந்த ஒரு இளம் டாக்டர் அந்த எடையைப் பார்த்துவிட்டு, என்னை விட்டுவிட்டு நேராக அம்மாவைக் கேட்டார். அம்மா சொன்னார்: "வாந்தி வரலம்மா. ஆனா ஊசி போட்ட மறுநாள்லேர்ந்து அஞ்சு நாளு வயித்தப் பொரட்டிக்கிட்டே கெடக்கும். வந்துட்டாக்கூட தேவலன்னு இருக்கும்."

வெளியே வந்ததும், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ வாந்தி வந்துச்சான்னுதானேப்பா கேட்ட?"

அன்று ராத்திரிக்கு ஒரு சின்ன மாத்திரை சேர்த்துக் கொடுத்தார்கள். ஓலான்சபின். வீட்டுக்கு வந்து கூகிளில் தேடினால் மனச்சிதைவு நோய்க்கான மருந்து என்று வந்தது. பதறிப் போனேன். மறுநாள் போன் செய்து கேட்டதில், குமட்டலுக்கும் இதைக் கொடுப்பார்கள் என்று விளக்கினார்கள். அப்போது தொடங்கிய தேடல்தான் இந்தக் கட்டுரை. நான் மருத்துவன் இல்லை, பி.ஈ. படித்தவன். இதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வரலாறாகப் படியுங்கள்.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் இருக்கின்றன: குமட்டல், ஓங்கரிப்பு, வாந்தி. ஓங்கரிப்பு காதில் விழும். வாந்தி கண்ணுக்குத் தெரியும், எத்தனை முறை என்று எண்ணலாம். குமட்டல் மட்டும் அனுபவிக்கிறவர் வாய்திறந்து சொன்னால்தான் உண்டு. மருத்துவ ஆய்வாளர்களும் வெகுகாலம் என்னைப் போலவே எண்ண முடிந்ததைத்தான் முதலில் எண்ணினார்கள் என்பது படிக்கப் படிக்கத் தெரிந்தது.

கட்டி கரையும், குடலும் புரளும்

நவீன கீமோதெரபி போர்க்கால ரகசியமாகத் தொடங்கியது. 1942-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மன், ஆல்ஃப்ரட் கில்மன் ஆகியோரின் ஆராய்ச்சியின் வழியே, விஷவாயுவின் உறவுக்கார வேதிப்பொருளான நைட்ரஜன் மஸ்டர்ட் நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்குச் செலுத்தப்பட்டது. கட்டி சுருங்கியது, பிறகு திரும்ப வந்தது. போர் முடிந்தபின் 1946-ல்தான் விஷயம் வெளியே வந்தது. மருந்தோடு வாந்தியும் கூடவே வந்தது. உயிர் போகிற நோய்க்கு முன்னால் அதையெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்பது அன்றைய மனநிலை.

வாந்தி எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு 1950-களின் தொடக்கத்தில் ஹெர்பர்ட் போரிசன், எஸ்.சி. வாங் இருவரும் ஒரு விடை தந்தார்கள். மூளைத்தண்டில் ஒரு சிறு பகுதி ரத்தத்தில் கலந்த நச்சை மோப்பம் பிடிக்கிறது. மூளையின் மற்ற இடங்களைப் போல ரத்தத்திலிருந்து அதைப் பிரிக்கும் கெட்டியான தடுப்பு அங்கே இல்லை. ஊருக்கு வெளியே வைத்த செக்போஸ்ட் மாதிரி. அதே சமயத்தில் பிரான்சில் குளோர்புரோமசின் வந்தது. மனநோய் மருத்துவத்தையே மாற்றிய மருந்து அது. வாந்தியையும் கொஞ்சம் அடக்கியது. அந்த செக்போஸ்ட்டில் டோபமின் ஏற்பிகள் இருப்பதும், இந்த மருந்து அவற்றை அடைப்பதும் பிறகு புரிந்தது. இதன் உறவுக்கார மருந்தான புரோகுளோர்பெரசின்தான் பல ஆண்டுகள் கீமோ வார்டுகளில் புழங்கியது.

சிஸ்பிளாட்டின் என்ற சோதனை

பிறகு வந்தது சிஸ்பிளாட்டின். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் பாக்டீரியாக்களின் மீது மின்புலத்தின் விளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை பிரியாமல் நூல் நூலாக நீண்டன. காரணம் மின்சாரம் இல்லை, பிளாட்டினத் தகடுகளிலிருந்து கரைந்த சேர்மம் என்று 1965-ல் அறிவித்தார். பிரியும் செல்லை நிறுத்துகிறது என்றால் புற்றுநோயையும் நிறுத்துமே! 1974-ல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் பரவிவிட்ட விரைப்புற்றுக்கு இதை மற்ற இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார். பெரும்பாலோருக்குக் கட்டியே காணாமல் போனது. சாகப்போகிறார்கள் என்று கைவிடப்பட்ட இளைஞர்கள் பிழைத்து எழுந்தார்கள்.

விலை வாந்தி. தடுப்பு மருந்து இல்லாமல் சிஸ்பிளாட்டின் போட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாந்தி எடுப்பார்கள், அதுவும் ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு முறை. குணமாக்கக்கூடிய மருந்து கையில் இருந்தும், இதைத் தாங்க முடியாமல் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் இருந்தார்கள்.

பழைய மருந்துகள் இதற்குப் போதவில்லை. அந்தச் சமயத்தில் முதல் துப்பு கொடுத்தவர்கள் நோயாளிகளேதான். கஞ்சா புகைத்துவிட்டு வந்தால் கீமோவின்போது குமட்டல் குறைகிறது என்று சில இளம் நோயாளிகள் பாஸ்டன் மருத்துவர்களிடம் சொன்னார்கள். ஸ்டீஃபன் சாலனும் சகாக்களும் அதைக் காதில் வாங்கி, கஞ்சாவின் முக்கிய வேதிப்பொருளை மாத்திரையாகக் கொடுத்துச் சோதித்து 1975-ல் வெளியிட்டார்கள். பலன் தெரிந்தது. அந்த வகை மாத்திரைகளுக்கு 1985-ல் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது.

அடுத்த திருப்பம் 1981. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ரிச்சர்ட் கிராலா, மெட்டோகுளோப்ரமைடு என்ற சாதாரண மருந்தை எடுத்தார். நம்மூரில் பெரிநார்ம் என்று தெரிந்த அதே மருந்து. வழக்கமாக ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம். கிராலா உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் ஐந்து முறை நரம்பில் ஏற்றினார். 60 கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் ஒரே நாளில் 600 மில்லிகிராம்! வெற்று மருந்து பெற்றவர்களில் வாந்தியின் இடைநிலை எண்ணிக்கை 10.5, இதைப் பெற்றவர்களில் 1.

இங்கே ஒரு புதிர். மெட்டோகுளோப்ரமைடை விட வலுவாக டோபமினை அடைக்கும் மருந்துகள் இருந்தும், அவை சிஸ்பிளாட்டினிடம் தோற்றன. அப்படியானால் இந்த அளவில் அது வேறு ஏதோ ஒரு கதவையும் சாத்துகிறது. டீபக் செய்கிறவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகத் தெரியும். கோட் ஓடுகிறது, ஆனால் நாம் நினைத்த காரணத்தால் இல்லை.

ஃபெரட் சொன்ன பதில்

எலிக்கு வாந்தி வராது. ஆய்வகத்தில் அதிகம் புழங்கும் எலியும் சுண்டெலியும் இந்த ஆராய்ச்சிக்கு உதவவில்லை. கீரி போன்ற நீண்ட உடம்புள்ள ஃபெரட் என்ற சிறு விலங்கு சிஸ்பிளாட்டினுக்கு வாந்தி எடுக்கும். 1986-ல் இங்கிலாந்தில் வெஸ்லி மைனரும் கேரத் சாங்கரும் ஃபெரட்டுகளுக்கு, டோபமினைத் தொடாமல் ஒரு வகை செரட்டோனின் ஏற்பியை மட்டும் அடைக்கும் வேதிப்பொருளைக் கொடுத்தார்கள். வாந்தி அடங்கியது.

அந்த ஏற்பி புதிதல்ல. 1957-லேயே காடம், பிக்கரெல்லி என்ற இருவர் கினிப்பன்றியின் குடலில் செரட்டோனினுக்கு இரண்டு வகை ஏற்பிகள் உண்டென்று காட்டியிருந்தார்கள். அதில் ஒன்றுதான் இது. உடம்பின் செரட்டோனினில் மிகப் பெரும்பகுதி மூளையில் இல்லை, குடலில் இருக்கிறது. கீமோ மருந்து பட்டதும் சிறுகுடல் சுவரின் சில செல்கள் அதைக் கொட்டுகின்றன. பக்கத்திலுள்ள வேகஸ் நரம்பு நுனிகள் அதை வாங்கி மூளைத்தண்டுக்குத் தந்தி அடிக்கின்றன. மெட்டோகுளோப்ரமைடு அதிக அளவில் அந்தத் தந்திக் கம்பியைத்தான் அறுத்துக்கொண்டிருந்தது.

கிளாக்ஸோ நிறுவனம் இதே ஏற்பிக்காக உருவாக்கிய ஒண்டான்செட்ரான் 1990-ல் பிரிட்டனிலும் 1991-ல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. இன்று நம் மருந்துக்கடைகளில் எமிசெட் என்று கேட்டால் கிடைக்கும் மாத்திரை. டெக்சாமெத்தசோன் ஸ்டீராய்டோடு சேர்த்தபோது இன்னும் நன்றாக வேலை செய்தது. வார்டுகளில் கட்டிலுக்குக் கட்டில் வாளி வைத்திருந்த காலம் மெல்ல முடிந்தது.

கேட்டபோது கிடைத்த பதில்

இனி நான் எக்செல்லில் செய்த தப்புக்கு வருகிறேன். 1983-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஆலன் கோட்ஸும் சகாக்களும் 99 நோயாளிகளிடம் பக்க விளைவுகள் எழுதிய சீட்டுகளைக் கொடுத்து, மோசமானதிலிருந்து வரிசையாக அடுக்கச் சொன்னார்கள். முதலிடம் வாந்தி. இரண்டாவது குமட்டல். மூன்றாவது முடி கொட்டுவது.

ஒண்டான்செட்ரான் வந்தபின் அதே சிட்னியில் அதே முறையில் மீண்டும் கேட்டு 1996-ல் வெளியிட்டார்கள். வாந்தி ஐந்தாம் இடத்துக்கு இறங்கியிருந்தது. முதலிடத்தில் குமட்டல்.

ஏன்? ஆய்வுகளில் 'முழு வெற்றி' என்பதற்கான வழக்கமான இலக்கணம்: வாந்தி இல்லை, அவசர மருந்தும் தேவைப்படவில்லை. அந்த இலக்கணத்தில் குமட்டல் இல்லை. நாள் முழுக்கச் சோற்றைப் பார்க்க முடியாமல் சுருண்டு கிடந்தவரும் 'முழு வெற்றி' கணக்கில் வரலாம். அம்மா இரண்டு சுற்றிலும் அப்படித்தான் வெற்றி பெற்றார். ஃபெரட்டிடம் குமட்டுகிறதா என்று கேட்கவும் முடியாது.

காலமும் ஒரு காரணம். மார்க் கிரிஸ் 1985-ல் காட்டியபடி, சிஸ்பிளாட்டினின் தாமதத் தொல்லை 48 முதல் 72 மணி நேரத்தில்தான் உச்சத்துக்குப் போகிறது. அப்போது நோயாளி வீட்டில் இருப்பார், மருத்துவமனை அதைப் பார்ப்பதில்லை. ஒண்டான்செட்ரான் இந்தத் தாமதக் கட்டத்தில் பலவீனமானது. 2003-ல் வந்த அப்ரெபிட்டன்ட், சப்ஸ்டன்ஸ் பி என்ற வேறொரு பொருளின் ஏற்பியை அடைத்து இங்கே உதவியது. ஆனால் இதுவும் வாந்தியைத் தடுத்த அளவுக்குக் குமட்டலைத் தடுக்கவில்லை.

இன்னொரு வகையும் உண்டு. முந்தைய சுற்றுகளில் பட்ட அவஸ்தையை உடம்பு நினைவில் வைத்து, மருந்து ஏறும் முன்பே குமட்டும். பாவ்லோவின் நாய்க்கு மணிச்சத்தத்தில் எச்சில் ஊறியதே, அதே தத்துவம். அம்மாவுக்கு ஆட்டோ மருத்துவமனைத் தெருவுக்குள் திரும்பினாலே வயிறு புரட்டும். நான் அதைப் பயம் என்று நினைத்துத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன். இதற்கு வாந்தி மாத்திரைகள் அவ்வளவாக உதவுவதில்லை. முதல் சுற்றிலிருந்தே குமட்டல் வராமல் பார்த்துக்கொள்வதுதான் நல்ல தடுப்பு என்கிறார்கள்.

குமட்டலையே அளந்த ஆய்வு

2016-ல் ருடால்ஃப் நவாரி குழுவினர் 380 பேரிடம் ஓலான்சபினைச் சோதித்தார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர்கள் முதன்மை அளவுகோலாக எடுத்துக்கொண்டதே 'குமட்டல் இல்லாமை'. நோயாளிகளே பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மதிப்பெண் போட்டார்கள். ஐந்து நாளும் குமட்டலே இல்லாதவர்கள், வழக்கமான மூன்று மருந்துகளோடு ஓலான்சபினும் பெற்றவர்களில் 37 சதவீதம், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 22 சதவீதம். நல்ல முன்னேற்றம். ஆனால் திருப்பிப் பாருங்கள், நான்கு மருந்து கொடுத்தும் 63 சதவீதம் பேருக்குக் குமட்டல் இருந்திருக்கிறது.

அதன் தொல்லை தூக்கம். அம்மா மறுநாள் மத்தியானம் வரை சொக்கிச் சொக்கி விழுவார். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் ஆய்வு 2024-ல் வெளியானது. வழக்கமான 10 மில்லிகிராமுக்குப் பதில் 2.5 கொடுத்தாலும் பலன் குறையவில்லை, பகல் தூக்கம் குறைந்தது என்று அது காட்டியது. நமக்குப் பக்கத்திலேயே நடந்த வேலை, விலையும் மலிவான மருந்து.

இஞ்சியைப் பற்றிக் கேட்பீர்கள். 2012-ல் அமெரிக்காவில் 576 பேரிடம் நடந்த ஆய்வில், வழக்கமான மருந்துகளோடு தினம் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இஞ்சி சேர்த்ததில் முதல் நாள் குமட்டல் குறைந்தது. ஆக, துணைக்கு வைத்துக்கொள்ளலாம். மருந்துக்குப் பதிலாக ஆகாது. அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டே எடுக்க வேண்டும்.

மூன்றாவது சுற்றுக்கு முன்னால் என் ஷீட்டில் 'குமட்டல், 10-க்கு எவ்வளவு' என்று ஒன்றைச் சேர்த்தேன். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் கேட்டேன். அம்மாவுக்கு முதலில் சிரிப்பு. "இதுக்குமா மார்க்கு?" என்றார். பிறகு அவரே "இப்ப ஆறு, தாளிக்கிற வாசன வந்தா எட்டு" என்று சொல்ல ஆரம்பித்தார். தாளிப்பதை நிறுத்தினோம். ஆறின இட்லி, மோர்சாதம், கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. நாலாவது சுற்றுக்கு முன்னால் அந்தத் தாளை டாக்டரிடம் நீட்டினேன். அவர் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை ஓடிய எண்களைப் பார்த்து மருந்துகளின் நாட்களை மாற்றி எழுதினார். குமட்டல் போய்விடவில்லை. எட்டு நாலாக ஆனது, நாலில் அம்மாவால் சாப்பிட முடிந்தது.

வீட்டில் யாருக்காவது கீமோ நடந்துகொண்டிருந்தால் வாந்தி வந்ததா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். வயிறு எப்படி இருக்கிறது என்று ஐந்து நாளும் கேளுங்கள், எழுதி வையுங்கள். டாக்டர் கேள்வி கேட்கும்போது, என்னைப் போல் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள்.