ரூப்குண்டு எலும்புகள்: ஒரு திருத்தம்

இன்னைக்கு எபிசோட் ஒரு திருத்தத்தோட ஆரம்பிக்குது. முதல் சீசன்ல ரூப்குண்டு ஏரியைப் பத்திப் பேசினப்போ, "எல்லாரும் ஒரே நாள்ல ஆலங்கட்டி மழையில செத்தாங்க, மர்மம் தீர்ந்தது"ன்னு அடிச்சுச் சொல்லியிருந்தேன். அது தப்பு. அதைத் தப்புன்னு காட்டுற ஆய்வு 2019லயே வந்துடுச்சு. நான்தான் படிக்கல.

கேக்காதவங்களுக்காக முதல்ல இருந்து வர்றேன்.

2017 ஜூன். மூணாம் வருஷப் பரீட்சை முடிஞ்ச கையோட நாங்க நாலு பேர் பல்லவன் பிடிச்சுச் சென்னை, அங்கிருந்து டெல்லி, அப்புறம் காத்கோதாம். அதுக்கு மேல ஒரு நாள் முழுக்க ஜீப். உத்தராகண்ட் சமோலி மாவட்டத்துல லோஹாஜங்னு ஒரு சின்ன ஊர், அங்கதான் நடை ஆரம்பம். காரைக்குடிக்காரனுக்கு நீர்நிலைன்னா ஊரணிதான். பனி ஃப்ரீசர்ல மட்டும்தான் பார்த்தது. ஆலி, பேதினின்னு ரெண்டு பெரிய புல்வெளி தாண்டி, பகுவாபாசாங்கிற இடத்துல கடைசி ராத்திரி. விடியுறதுக்கு ரொம்ப முன்னாடியே எழுப்பிட்டாங்க. வெயில் ஏறினா பனி இளகிடும், கால் புதையும். வழிகாட்டி அண்ணன் முன்னாடி போய் பனியில படி வெட்ட வெட்ட, நாங்க அதுல கால் வச்சு ஏறினோம்.

ஏரி கிட்டத்தட்ட 5,000 மீட்டர் உயரத்துல இருக்கு. பின்னாடி 7,120 மீட்டர் திரிசூல் மலை. ஏரின்னு சொல்றோமே தவிர, குறுக்களவு சுமார் 40 மீட்டர்தான். எங்க ஊர் ஊரணியில பாதி தேறாது. ஜூன் முதல் வாரம்ங்கறதால மொத்தமும் பனி மூடிக் கிடந்தது. ஓரத்துல ஒரு பாறை மேல மட்டும் யாரோ எலும்புகளைக் குவிச்சு வச்சிருந்தாங்க. ஒரு மண்டையோடும் இருந்தது. அதைக் கையில எடுத்து, சிரிச்சுக்கிட்டே போட்டோ எடுத்துக்கிட்டேன். இதை முதல் சீசன்ல சொல்லல.

சரி, வரலாறு. 1942இல் வனத்துறை அலுவலரான எச். கே. மத்வால் இந்த ஏரியில் எலும்புகள் கிடப்பதைப் பார்த்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் என்பதால் இமயமலை வழியாக நுழைய முயன்ற ஜப்பானியச் சிப்பாய்களோ என்ற சந்தேகம்கூட வந்தது. எலும்புகள் பழையவை என்று தெரிந்ததும் அது அடங்கியது. பிறகு 1841இல் திபெத்தில் கொல்லப்பட்ட டோக்ரா தளபதி ஜோராவர் சிங்கின் படையில் தப்பியவர்கள் என்றார்கள். ஆனால் ஆயுதங்கள் இல்லை, பெண்களின் எலும்புகளும் இருந்தன.

உள்ளூர்க்காரர்களிடம் வேறு கதை. கன்னோஜ் ராஜா ஜஸ்தவல், கர்ப்பிணி ராணியையும் நாட்டியக்காரிகளையும் கூட்டிக்கொண்டு நந்தாதேவி யாத்திரைக்கு வந்தான். புனித மலையில் கூத்தடித்தான். கோபப்பட்ட அம்மன் வானத்திலிருந்து இரும்புக் குண்டுகளைப் பொழிந்தாள். அந்த யாத்திரை, நந்தாதேவி ராஜ் ஜாத், 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை என்ற கணக்கில் இப்போதும் அதே வழியாக நடக்கிறது.

2004இல் ஒரு ஆய்வுக் குழு மேலே போனது. சில மண்டையோடுகளில் மேலிருந்து ஏதோ உருண்டையாக விழுந்த மாதிரி விரிசல்கள். காலக்கணிப்பு சுமார் கி.பி. 850 என்று வந்தது. இரும்புக் குண்டுன்னா ஆலங்கட்டி! நாட்டுப்புறக் கதையும் அறிவியலும் கச்சிதமா பொருந்திடுச்சு. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது. ஆபீஸ் பாஷையில சொன்னா, டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டேன்.

2019 ஆகஸ்ட்டில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் மரபணு ஆய்வு வெளியானது. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜ், லக்னோவின் நீரஜ் ராய், ஹார்வர்டின் டேவிட் ரைக் உட்படப் பெரிய குழு. 38 பேரின் எலும்பிலிருந்து மரபணு எடுத்தார்கள். ஆண்கள் 23, பெண்கள் 15. நெருங்கிய சொந்தம் என்று ஒரு ஜோடிகூட இல்லை.

அதில் 23 பேர் இந்தியத் துணைக்கண்டத்து மரபினர். அவர்களும் ஒரே கூட்டம் இல்லை. இன்றைய இந்தியாவின் பலவகை மரபுகள் கலந்து கிடக்கின்றன. சாப்பாடும் வேறு வேறு: சிலர் அதிகம் சிறுதானியம் சாப்பிட்டிருக்கிறார்கள், சிலர் இல்லை. காலமும் ஒன்றல்ல. 7ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை பரவியிருக்கிறது, ஒரே நாளில் செத்திருக்க முடியாது. பக்கத்துக் கோயில்களில் 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான கல்வெட்டுகள் இருப்பதால், இவர்களில் சிலராவது யாத்திரை வந்தவர்கள் என்பது பொருந்துகிறது. மேலிருந்து அடிபட்ட, ஆறாத விரிசல் தெரிந்தது மூன்று பேருக்குத்தான்! நான் அந்த மூணு பேரை வச்சு அத்தனை பேர் தலையிலயும் கல்லைப் போட்டிருக்கேன்.

இதுக்கு மேலதான் ஆச்சரியம். 14 பேர் கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதி மரபினர். இன்றைய கிரேக்கர்கள், கிரீட் தீவுக்காரர்களுக்கு நெருக்கமானவர்கள். காலம் சுமார் 1800. ஒருவர் தென்கிழக்கு ஆசிய மரபினர், அவரும் ஏறக்குறைய அதே காலம். ஆணும் பெண்ணுமாகப் பதினாலு பேர் அவ்வளவு தூரத்திலிருந்து அந்த மலைக்கு ஏன் வந்தார்கள்? எந்த ஆவணமும் இல்லை. 1800ன்னா இந்தியாவுல கம்பெனிக்காரன் கணக்கு எழுதிக்கிட்டிருந்த காலம். அப்படியும் இல்லை.

திருத்தம் இவ்வளவுதான். ஆனா இதைப் படிச்ச ராத்திரி எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்தது. 2017ல ஊருக்கு வந்ததும் முகப்புல உக்காந்து அப்பத்தாகிட்ட போட்டோ எல்லாம் காட்டினேன். பனியைப் பார்த்துச் சிரிச்சாங்க. மண்டையோடு போட்டோ வந்ததும் போனைக் கீழ வச்சுட்டாங்க.

"ஏய்யா, இது யாரு பெத்த புள்ள?"

"தெரியாது அப்பத்தா, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்தவங்க."

"தெரியாமலா கையில எடுத்த? அவுகள வீட்டுல தேடியிருக்க மாட்டாகளா?"

அப்போ எனக்குப் புரியல. அவங்க சித்தப்பா பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனவர். 1942ல ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடிச்சப்போ கப்பல் கிடைக்காமல் லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே கிளம்பினார்கள். அரக்கான் வழியாகச் சிலர், தமு தாண்டி மணிப்பூர் மலைகள் வழியாகப் பலர். காலரா, மலேரியா, பசி, மே மாதத்துக்குப் பிறகு மழை. ஆயிரக்கணக்கானவர்கள் பாதையோரத்திலேயே இறந்தார்கள். பெயர் எழுதி வைக்க ஆள் இல்லை. சித்தப்பா கிளம்பிட்டார்னு தகவல் வந்தது. ஆள் வரல. மத்வால் அந்த எலும்புகளைப் பார்த்ததும் அதே வருஷம். அப்பத்தாவுக்கு அப்போ அஞ்சு வயசு.

பழனிக்கு வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு எங்க ஊர்ப் பக்கம் நடந்து போறவங்க, திரும்பவும் நடந்தே வருவாங்க. திரும்பி வந்தாத்தான் யாத்திரை முடிஞ்ச கணக்கு. ரூப்குண்டுல கிடக்கிறவங்க பாதியில நின்னவங்க. நான் அவங்களை ஒரு புதிராத்தான் பார்த்தேன்.

2018ல உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் அந்தப் புல்வெளிகள்ல ராத்தங்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டது, சுற்றுச்சூழல் காரணமா. அதுக்கு முன்னாடி பல வருஷமா போறவங்க எல்லாம் எலும்பைப் புரட்டி, நகர்த்தி, சிலர் பையில போட்டு எடுத்துட்டே வந்திருக்காங்க. எந்த எலும்பு எங்க கிடந்ததுங்கற தகவலே கலைஞ்சுபோச்சு. அதனால ஆய்வாளர்களால யார் யாரோட சேர்ந்து செத்தாங்கன்னு சொல்ல முடியல. அந்தக் கலைச்சலில் என் கையும் இருக்கு. நான் எடுத்த மண்டையோட்டைத் திரும்ப அதே பாறையிலதான் வச்சேன்னு நினைக்கிறேன். நிச்சயமா ஞாபகம் இல்ல.

பழைய எபிசோடை நீக்கல. தலைப்புல "திருத்தம் பார்க்கவும்"னு சேர்த்திருக்கேன். அப்பத்தா 2021ல போயிட்டாங்க. சித்தப்பா பெயர்ல வீட்டுல இருந்த ரெண்டு பர்மா கடிதங்களை இப்போ ஸ்கேன் பண்ணிக்கிட்டிருக்கேன். அடுத்த எபிசோட் அந்த நடைப்பாதையைப் பத்தித்தான். உங்க வீட்டுலயும் 1942 பர்மா கடிதம் இருந்தா எனக்கு எழுதுங்க.