பத்திலொரு பங்கும் ஏழையின் பங்கும்

மாதா கோயிலுக்கு மக்கள் அளிக்கும் காணிக்கையில் ஏழைகளுக்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்று கேட்டால், அது நாஸ்திகர் கேள்வி எனச் சிலர் முகஞ் சுளிக்கின்றனர். இக்கேள்விக்கு விடை எழுதிவைத்தவர்கள் பாப்பரசர்களே என்பதை அன்னார் அறியார் போலும்.

கி. பி. 251-ஆம் ஆண்டில் ரோமாபுரி மேற்றிராணியாராயிருந்த கொர்னேலியுஸ் என்பார், அந்தியோகியா மேற்றிராணியாருக்கு வரைந்த கடிதமொன்றில், தம் சபையில் குருமார் 46 பேர், ஏனைப் பணிவிடைக்காரர் நூற்றுச் சொச்சம் பேர், சபை போஷித்து வரும் விதவைகளும் எளியோரும் 1,500-க்கு மேற்பட்டவர் என்று கணக்குக் காட்டியுள்ளார். அரசாங்கம் அச்சபையைத் துன்புறுத்திய காலம் அது. பேரேடு எழுதிப் பிழைக்கும் கிராணிமாராகிய நமக்கு இக்கணக்கைக் காணுந்தோறும் ஒரு மதிப்பு உண்டாகிறது.

பின்னர், 494-இல் ஜெலாசியுஸ் பாப்பரசர் சபை வருமானத்தை நான்காக வகுத்தார். மேற்றிராணியாருக்கு ஒன்று, குருமாருக்கு ஒன்று, கோயில் கட்டடத்துக்கு ஒன்று, ஏழைகளுக்கு ஒன்று. ஏழையின் உரிமை காற்பங்கு என்று அன்றே அளந்து வைத்தாயிற்று.

ஆங்கில நாட்டிலோ, 10-ஆம் நூற்றாண்டில் எட்கார் அரசர் தசமபாகத்தைக் கட்டாய வரியாக்கி, செலுத்தாதவனுக்குத் தண்டனையும் விதித்தார். உழவன் பத்துக் கதிர்க்கட்டில் ஒன்றையும், பத்து ஆட்டுக்குட்டியில் ஒன்றையும் கொடுத்தாக வேண்டும். அதில் மூன்றிலொரு பங்கு ஏழைக்கு என்று 1014-ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. சட்டம் கூறியது ஒன்று, நடந்தது வேறொன்று. துறவி மடங்கள் கிராமக் கோயில்களை ஒவ்வொன்றாகத் தம் வசமாக்கித் தானியத் தசமபாகத்தை எடுத்துக்கொண்டு, சொற்ப ஊதியத்துக்கு ஒரு குருவை அங்கு அமர்த்தின. இக்கொடுமை முற்றியபின், மடத்தார் ஊர் ஏழைகளுக்கு ஆண்டுதோறும் 'தகுந்த தொகை' தரவேண்டுமென 1391-இல் ஒரு சட்டம் பிறந்தது. தகுந்த தொகை எவ்வளவு? அதைச் சட்டம் சொல்லவில்லை! கொடுக்க மனமில்லாதவனுக்கு இதைவிட வசதியான சொல் வேறு உண்டோ?

1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அவற்றின் தசமபாகம் பிரபுக்களுக்கும் செல்வருக்கும் கைமாறிற்று. ஏழையை யார் காப்பது? 1601-ஆம் ஆண்டு ஏழைகள் சட்டம் அப்பாரத்தை ஊரார் தலையில் தனி வரியாக ஏற்றியது. ஏழையின் பெயரையும் சொல்லித் தொடங்கிய தசமபாகத்தைக் கட்டிய உழவனே, ஏழைக்கென்று இரண்டாம் வரியும் கட்டினான். அதன்பின் 1704-இல் ஆன் அரசியார் பெயரால் ஒரு தரும நிதி ஏற்பட்டது. அதுவும் வறிய குருமாருக்கே!

1836-இல் தசமபாகம் கதிர்க்கட்டு நீங்கிப் பணமாயிற்று. 1936-இல் உழவர் கிளர்ச்சிக்குப் பின் பார்லிமெண்டு அதனை ஒழித்து, தசமபாகத்துக்கு உரியவர்களென்று பதிவானவர்களுக்கு சர்க்கார் பத்திரங்களை நஷ்டஈடாக அளித்தது. குருமார் சார்பில் ஆன் அரசியார் நிதி பெற்றது, கல்லூரிகள் பெற்றன, நிலப்பிரபுக்களும் பெற்றனர். நிலமுடையோர் அதற்கீடாகச் சர்க்காருக்குச் செலுத்திவந்த ஆண்டுத் தொகை 1977-இல் நின்றது.