தாராவி: வீடு யாருக்கு, சரிபார்ப்பது யார்?

தாராவியில் உங்க தரைத்தள வீடு 2000 ஜனவரி 1-க்கு முன்பே இருந்ததா? அங்கேயே 350 சதுர அடி, இலவசம். அதன்பிறகு 2011 ஜனவரி 1 வரை என்றால், தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. இரண்டரை லட்ச ரூபாய் கட்டணும். மாடிவாசிகளுக்கும் 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களுக்கும் வெளியே வாடகை வீடுதான். ஒரு பழைய கரண்ட் பில்லில் இருக்கு எல்லாம்.

தகுதியை முடிவுசெய்வது மாநில அரசு. கட்டுவது நவபாரத் மெகா டெவலப்பர்ஸ்: அதானி குழுமத்துக்கு 80%, அரசுக்கு 20%. அதாவது, நிறுவனத்தைக் கண்காணிக்க வேண்டியவரே அதில் பங்குதாரர். உறுத்தலான ஏற்பாடு.

அதனால் வரைவுப் பட்டியலான ‘அனெக்ஷர் 2’ வந்ததுமே பேரைப் பாருங்க. விடுபட்டிருந்தால் கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, ரசீது வாங்கிடுங்க.