கட்டுப்பாடு போய்க் கண்காணிப்பு வந்த கதை

1947-ஆம் வருஷச் சட்டப்படி, கம்பெனிகள் பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் விலையை நிதி அமைச்சகத்தின் அதிகாரி ஒருவரே நிர்ணயிப்பார். பெரும்பாலும் விலை குறைவாகவே இருக்கும். வாங்குபவருக்குப் பயம் குறைவு. 1992-ல் அச்சட்டம் ரத்தாயிற்று. கம்பெனிகளே விலை வைத்தன. பணம் திரட்டிய சில கம்பெனிகள் பிறகு விலாசமே இல்லாமல் மறைந்தன. ஓய்வுக்காலப் பணத்தைப் போட்ட நம் அங்கத்தினர் சிலருக்கு இது நினைவிருக்கும்.

1988-ல் சட்ட அதிகாரமின்றித் தோன்றிய 'செபி'க்கு 1992-ல்தான் சட்ட பலம் கிடைத்தது. அதே ஏப்ரலில் ஹர்ஷத் மேத்தா ஊழலும் அம்பலமாயிற்று. போலிப் பத்திரத் தொல்லை தீர, 1996-ல் டெபாசிட்டரி சட்டம் வந்தது.

செபி விலை நிர்ணயிப்பதில்லை. கம்பெனி உண்மையைச் சொல்கிறதா என்றே பார்க்கிறது. அந்த விலை தகுமா என்று பார்ப்பது நம் பொறுப்பாகிவிட்டது.