அரைப் பேர்

கண்டி நகரிலிருந்து ஹந்தானை மலைப்பாதையில் ஏறுவோர் நான்கு மாடிகள் கொண்ட பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைக் காண்பர். 1925இல் எழுந்த அக்கட்டடம் 2001 முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகிறது. கொழுந்தை அரைத்த எந்திரங்கள் அங்கே துடைத்து வைக்கப்பட்டுள்ளன. 1867இல் லூல்கந்துராவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் நினைவும் போற்றப்படுகிறது. ஆயின் அந்த எந்திரங்களுக்குக் கொழுந்து சுமந்து வந்த தாய்மாரின் வரலாற்றை அறிய விரும்புவோர், தோட்ட மக்களின் பேச்சில் வழங்கும் ஒரு சொல்லிடமே செல்லவேண்டும். 'அரைப் பேர்' என்பதே அச்சொல்.

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாட் சம்பளம். பிரட்டுக்கு வந்து, குறித்த நிறைக் கொழுந்தை எடுத்துக் கொடுத்தால் செக்ரோலில் முழுப் பேர் விழும். நிறை குறைந்தாலோ நடுப்பகலில் மலையை விட்டு இறங்கினாலோ அரைப் பேர். மனிதரின் பெயரையே இரண்டாக வெட்டும் கணக்கு இது. இந்த வெட்டு யார்மீது அதிகம் விழுந்தது? கைக்குழந்தை உள்ள பெண்மீதே. குழந்தைக்குக் காய்ச்சல் என்று பிள்ளைக் காம்பராவிலிருந்து ஆள் வந்தால், கூடையை இறக்கிவிட்டு ஓடுபவள் அவளே. தந்தையின் பேர் அதற்காக வெட்டுப்பட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

அவளது முழுப் பேரும் நெடுங்காலம் முழுமையானதாக இருக்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 1929இல் கூலி நிர்ணயிக்கப்பட்டபோது, மலைநாட்டில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் வகுக்கப்பட்டன. இவ்வேற்றுமை ஒழிய 1984ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது. 1939இல் மகப்பேற்று நன்மைச் சட்டம் பிறந்தது. அதிலும் தோட்டத்துக்கென ஒரு தனிவாசல் திறந்து வைக்கப்பட்டிருந்தது: பிரசவ விடுதியும் உணவும் தோட்டமே கொடுத்தால், ரொக்கத்தைக் குறைத்துக் கொடுக்கலாம். மூன்றாம் பிள்ளையிலிருந்து விடுமுறை பாதியாகும் என்ற விதியோ அண்மைக்காலம் வரை நின்றது. 2018ஆம் ஆண்டுத் திருத்தமே எல்லாப் பிள்ளைகளுக்கும் 84 நாள் என்று அதனைச் சீராக்கியது.

சட்டம் பேசும் அந்த 84 நாளும் கழிந்த பின்னர்தான் உண்மையான நட்டம் தொடங்குகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கணிதம் கற்பிக்கும் நண்பர்கள் இதனை வகுப்பிலேயே போட்டுக் காட்டலாம். 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின்படி நாட் சம்பளம் 620 ரூபா எனப் பேசப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபா. விலைப் பங்கு 30 ரூபா. எஞ்சிய 140 ரூபா வருகைக் கொடுப்பனவு. வழங்கப்பட்ட வேலை நாட்களில் முக்காற் பங்கு வந்தால்தான் இந்த 140 கிடைக்கும். மாதத்தில் 24 நாள் வேலை எனக் கொள்வோம். 24 நாளும் வந்தவள் 14,880 ரூபா பெறுவாள். பிள்ளைக்காக எட்டு நாள் நின்றவள் 16 நாளே வந்தாள். 18 என்ற வரம்பை எட்டவில்லை. ஆகவே அவளுக்கு நாளொன்றுக்கு 480 ரூபா வீதம் 7,680 ரூபா. குறைந்தது மூன்றிலொரு பங்கு உழைப்பு. போனது ஏறத்தாழப் பாதிச் சம்பளம்! அந்த எட்டு நாளும் அவள் சும்மா இருந்தாள் என்று சொல்லும் துணிவு எவருக்கு உண்டு?

இழப்பு அம்மாதத்தோடு முடிவதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் செலுத்தவேண்டும். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கொண்டு பார்த்தாலும், வராத எட்டு நாளுக்கு 540 ரூபா முதலாளியின் கையிலேயே நின்றுவிடுகிறது. ஆண்டுக்கு 6,480 ரூபா. அதன் வட்டியையும் சேர்த்து, ஓய்வுபெற்று அவள் கூடையை இறக்கும்போதுதான் அக்குறை தெரியவரும். பிள்ளை அப்போது வளர்ந்து கொழும்பில் ஏதோ ஒரு கடையில் நிற்கும்.

இன்னொரு வழியும் உண்டு: கைக்காசு வேலை. செக்ரோலிலிருந்து விலகி, இயன்ற நேரத்தில் கொழுந்தெடுத்துக் கிலோவுக்கு இவ்வளவென்று பெற்றுக்கொள்வது. தாய்மாருக்கு இது வசதியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. பிள்ளை உறங்கும் நேரத்தில் மலையேறலாம் அன்றோ. ஆயின் கைக்காசுக்குச் சேமலாப நிதி கட்டும் வழக்கம் இல்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டம் தரும் சேவைக்காலப் பணம், ஆண்டுக்குப் பதினான்கு நாட் சம்பளம், தொடர்ந்த சேவை உள்ளவருக்கே உரியது. இப்போது பெயர்பெற்று வரும் அவுட்குரோவர் முறையும், தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, நேரத்தின் சுதந்திரத்தைப் புகழ்ந்து, நிதியின் பொறுப்பைக் கைகழுவும் ஏற்பாடாகவே நமக்குத் தோன்றுகிறது.

ஹந்தானையின் அடிவாரத்தில், பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் சுற்றியுள்ள பாடசாலைகளிலும், நாம் மாதச் சம்பளம் பெறுகிறோம். அரசாங்க சேவையிலுள்ள ஆசிரியைக்கு முழுச் சம்பளத்துடன் 84 நாள். அதன்பின் விரும்பினால் அரைச் சம்பளத்துடன் இன்னும் 84 நாள். அங்கும் 'அரை' என்ற சொல் வருகிறது. ஆனால் இடாப்பில் அவள் பெயர் முழுதாகவே நிற்கிறது. இது சலுகையன்று, போராடிப் பெற்ற உரிமை என்று நாம் பெருமை கொள்கிறோம். மேலே மலையில் அவ்வுரிமை ஏன் ஏறவில்லை என்று கேட்க மட்டும் மறந்துவிடுகிறோம்.

நம் வகுப்பறைகளுக்கும் இக்கணக்கு வந்து சேர்கிறது. முழுப் பேரைக் காப்பாற்றத் தாய் மலைக்குப் போகும் நாளில், தம்பியைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்பிள்ளை லயத்தில் நிற்கிறாள். வரவு இடாப்பில் அவள் பெயருக்கு நேரே நாம் 'வரவில்லை' என்று குறிக்கிறோம். தாய் இழக்கவேண்டிய அரைப் பேரை மகள் தன் படிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள் என்பது நமது சிவப்பு மைக்குத் தெரியாது.

2019இல் வருகைக் கொடுப்பனவு ஒப்பந்தத்திலிருந்து நீக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நாளொன்றுக்கு 200 ரூபாவாக அது மீண்டும் தலைகாட்டியது. தொழிற்சங்கத் தலைவர்கள் தொகையைப் பற்றி உரத்துப் பேசுகிறார்கள், பேசட்டும். நோயுற்ற பிள்ளையோடு தாய் நின்ற நாளை வந்த நாளாகக் கணக்கிட வேண்டும் என்ற கோரிக்கையையும் அவர்கள் அந்த மேசைமீது வைக்கவேண்டும். அதுவரை நமது ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலாவது அதனை ஒரு தீர்மானமாக எழுதி நிறைவேற்ற யார் தடுக்கிறார்?