படையும் பணப்பையும்

மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் கண்டு களித்துத் திரும்புவோர் பலர். அங்கிருந்து தெற்கே சென்று, சதுரங்கப்பட்டினத்தில் கடல் நோக்கி நிற்கும் டச்சுக் கோட்டையைக் காண்போர் சிலரே. 1754 சனவரியில் அவ்வூரில்தான் ஆங்கிலக் கம்பெனியாரும் பிரெஞ்சுக் கம்பெனியாரும், கருநாடகத்துக்கு நவாபு எவன் என்று பேரம் பேசினர். பேச்சு முறிந்தது. அதே ஆண்டில் டூப்ளேயைப் பிரான்சு திரும்ப அழைத்துக்கொண்டது. வீரம் குன்றியதாலா? அன்று! பங்குதாரர்க்கு வேண்டியது இலாபம். டூப்ளே காட்டியதோ செலவு. சொந்தப் பணத்தையும் போரில் கொட்டிய அவன், அதைக் கேட்டு வழக்காடி, 1763-ல் வறியவனாய் மாண்டான்.

வெள்ளையன் வந்தது விதி, வென்றது வீரம் என்று கதைப்பாருண்டு. நாம் விதியை வீதியிலே விட்டுவிட்டு, சிப்பாயின் சம்பளக் கணக்கைப் புரட்டுவோம்.

1758-ல் வந்த லாலியிடம் படை இருந்தது, பணம் இல்லை. பழைய கடன் பத்திரத்தைக் காட்டித் தஞ்சையை மிரட்டினான், வெறுங்கையோடு மீண்டான். ஆண்டிறுதியில் சென்னையை முற்றுகையிட்டான். பின்னாலே செங்கற்பட்டுக் கோட்டை, ஏரியும் சேறும் அரணாய்ச் சூழ, ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது! அங்கிருந்து பிரஸ்டனும் கான்சாகிப்பு யூசுப்கானும் புறப்பட்டு வந்து அவனை அலைக்கழித்தனர். 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்தன, முற்றுகை கலைந்தது. அக்டோபரில், சம்பளப் பாக்கி கேட்டு லாலியின் சொந்தச் சிப்பாய்களே கலகஞ் செய்தனர். மூன்று திங்களில் வந்தவாசியில் தோல்வி. 1761 சனவரியில் புதுச்சேரியும் போயிற்று. எதிரணிக்கோ, 1757-ல் பிளாசியிலே திறந்த வங்காளக் கருவூலம் இருந்தது, கடலும் கைவசம் இருந்தது.

ஆங்கிலேயர் செலவு மட்டும் வானத்திலிருந்தா விழுந்தது? போர்க்கணக்கு நவாபு முகமதலியின் பேரில் ஏறிற்று. கம்பெனி ஊழியரிடமே வட்டிக்கு வாங்கிக் கம்பெனிக்குக் கட்டினான் அந்த மகாராசன்! 1763-ல் செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தான். பிறகு அதையே குத்தகைக்கு எடுத்து, 1780 வரை உழவனிடம் தண்டினான்.

அந்த 1780-ல் ஹைதர் அலி வந்தான். செப்டம்பர் 10-ல் காஞ்சிக்கருகே பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. ஹெக்டர் மன்றோ, பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்கு ஓடினான். களத்திலே ஹைதருக்கு வெற்றி! ஆனால் நவம்பரில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி வந்தான் ஐர் கூட், துருப்புகளோடும் 15 இலட்ச ரூபாயோடும். ஜாகீரின் ஊர்களை ஹைதரின் குதிரைகள் எரிக்க முடிந்தது. வங்காளத்து வரிப்பணத்தை எட்ட முடியவில்லை. 1782 பிப்ரவரியில் அவனுக்குத் துணைவந்த பிரெஞ்சுக் கப்பல்கள் சதுரங்கப்பட்டினத்துக் கடலில் ஆங்கிலேயரோடு மோதின, முடிவு ஏற்படவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் ஹைதர் மறைந்தான்.

1784-ல் மங்களூரில் சமாதானம் கையெழுத்தாயிற்று. வென்ற நாட்டை அவரவர் திருப்பிக் கொடுத்துக்கொண்டனர். செங்கற்பட்டில் ஆளற்ற ஊர்களும் தரிசு நிலங்களும் கிடந்தன. நவாபின் கடன் கரையவில்லை. 1801-ல் கருநாடகம் முழுவதும் கம்பெனியின் ஆட்சிக்குள் சென்றது.